டிசம்பர் 24-இல் இரண்டு தலைவர்கள்: பிரபலங்கள் ஒரே தேதியில் மறைவது எப்படி?

ஆண்டுதோறும் டிசம்பர் 24 அன்று சென்னையில் இரண்டு இடங்களில் கூட்டம் கூடும். வேப்பேரி பெரியார் திடலில் கருஞ்சட்டைக்காரர்கள் மாலையோடு நிற்பார்கள். மெரினாவில் எம்.ஜி.ஆர். நினைவிடத்தில் கரைவேட்டிகள் நிறைந்திருக்கும். பெரியார் மறைந்தது 1973-இல், எம்.ஜி.ஆர். மறைந்தது 1987-இல். பதினான்கு ஆண்டு இடைவெளி, தேதி மட்டும் ஒன்று.

இதோடு நிற்பதில்லை. டிசம்பர் 25 ராஜாஜி (1972). டிசம்பர் 5 ஜெயலலிதா (2016). டிசம்பர் 6 அம்பேத்கர் (1956). டிசம்பர் 28 விஜயகாந்த் (2023). இத்தனை முகங்களையும் ஒரே படத்தில் அடுக்கி, 'டிசம்பர் தலைவர்களுக்கு ஆகாத மாதம்' என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும், வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றி வந்துவிடும்.

இதைப் பார்க்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒரு கட்சி 'விதி' என்கிறது. மற்றது 'எல்லாம் தற்செயல்' என்று கையை உதறிவிடுகிறது. இரண்டாவது கட்சி சொல்வது உண்மைக்குப் பக்கத்தில் இருந்தாலும், அதையும் விளக்கம் என்று சொல்ல முடியாது. எவ்வளவு பெரிய தற்செயல்? அடிக்கடி நடக்கக்கூடியதா, அபூர்வமா? அதைவிட, 'ஒரே நாள்' என்கிறோமே, அந்த நாளை முடிவு செய்வது யார்? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

## காலண்டர் தாளில் பெயர் எழுதினால்

வீட்டில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரை எடுத்துக்கொள்வோம். 365 தாள்கள். மறைந்த பிரபலங்களின் பெயர்களை, அவரவர் மறைந்த தேதித் தாளில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போகிறோம். எத்தனை பேரை எழுதிய பிறகு ஒரே தாளில் இரண்டு பெயர் விழும்?

பெரும்பாலானோர் 180 பேராவது வேண்டும் என்பார்கள். 365-இல் பாதி என்பது அவர்கள் கணக்கு. உண்மையில் 23 பேர் போதும். 23 பெயர்களை எழுதி முடிக்கும்போது, ஏதாவது ஒரு தாளில் இரண்டு பெயர் சேர்ந்திருப்பதற்கான நிகழ்தகவு 50 விழுக்காட்டைத் தாண்டிவிடும். நிகழ்தகவு என்றால், ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதை எண்ணாகச் சொல்வது, அவ்வளவுதான்.

காரணம் எளிது. நாம் எண்ண வேண்டியது ஆட்களை அல்ல, இணைகளை. இணை என்பது இருவர் இருவராகச் சேர்த்துப் பார்க்கும் ஒவ்வொரு சேர்க்கையும். இரண்டு பேர் இருந்தால் ஒரே ஓர் இணை. ஐந்து பேர் இருந்தால் 10 இணைகள். பத்துப் பேருக்கு 45. இருபத்து மூன்று பேருக்கு 253. ஆட்கள் மெதுவாகக் கூடும்போது இணைகள் மளமளவென்று பெருகுகின்றன. அந்த 253 இணைகளில் ஒவ்வொன்றுக்கும் 'இருவரும் ஒரே தாளா?' என்று ஒரு வாய்ப்பு உண்டு. 365-இல் ஒன்று என்ற சின்ன வாய்ப்புதான். ஆனால் அதை 253 முறை முயன்று பார்க்கிறோம்.

சரியான கணக்கு வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து வர வேண்டும். முதல் பெயர் எந்தத் தாளில் வேண்டுமானாலும் விழலாம். இரண்டாவது பெயர் அதில் விழாமல் தப்ப 365-இல் 364 வாய்ப்பு. மூன்றாவது இரண்டிலும் விழாமல் தப்ப 365-இல் 363. இப்படி ஒவ்வொன்றையும் பெருக்கிக்கொண்டே போனால், 23-ஆவது ஆளிடம் வரும்போது 'யாரும் மோதவில்லை' என்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 49 விழுக்காடாகச் சுருங்கிவிடும். 50 பேரென்றால் மோதலுக்கான வாய்ப்பு 97 விழுக்காடு. 70 பேரென்றால் 99.9. பிறந்தநாளை வைத்துச் சொல்லப்படுவதால் இதற்குப் பிறந்தநாள் புதிர் என்று பெயர். இறந்தநாளுக்கும் அதே கணக்குதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: 'ஏதாவது இருவர், ஏதாவது ஒரு தேதி' என்று கேட்டால்தான் 23. 'பெரியார் மறைந்த டிசம்பர் 24 அன்றே மறைந்த இன்னொருவர் வேண்டும்' என்று தேதியை முன்கூட்டியே கட்டிப்போட்டால் கதை மாறுகிறது. அப்போது பாதி வாய்ப்புக்கு 253 பேரைத் துழாவ வேண்டும். 'அந்த இன்னொருவர் எம்.ஜி.ஆராகத்தான் இருக்க வேண்டும்' என்றால் 365-இல் ஒன்று. கேள்வி எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு அபூர்வம். நாம் வியக்கும்போது மூன்றாவது கேள்விக்கான வியப்பை வியக்கிறோம். நடந்திருப்பது பெரும்பாலும் முதல் கேள்விக்கான விடை.

## நிஜப் பட்டியல்களில் சோதித்தால்

கணக்கு சரி, நிஜத்தில் நடக்கிறதா? யாரும் வேண்டுமென்றே பொறுக்கி எடுக்காத பட்டியல் வேண்டும். பதவிப் பட்டியல்கள் அதற்கு வசதி.

2024 முடிய மறைந்த அமெரிக்க அதிபர்கள் 40 பேர். நாற்பது பேருக்கு மோதல் வாய்ப்பு 89 விழுக்காடு. பார்த்தால் மூன்று தேதிகளில் மோதல் இருக்கிறது. மார்ச் 8-இல் ஃபில்மோர் (1874), டாஃப்ட் (1930). டிசம்பர் 26-இல் ட்ரூமன் (1972), ஃபோர்டு (2006). ஜூலை 4-இல் மூன்று பேர். அவர்களிடம் பிறகு வருவோம்.

இந்தியப் பிரதமர்களில் 2024 முடிய மறைந்தவர்கள், தற்காலிகப் பிரதமராக இருந்த குல்சாரிலால் நந்தாவையும் சேர்த்து, 13 பேர். பதின்மூன்று பேருக்கு மோதல் வாய்ப்பு 19 விழுக்காடுதான். எதிர்பார்த்தபடியே யாரும் மோதவில்லை. நேரு மே 27, சரண் சிங் மே 29 என்று நெருங்கி வந்ததோடு சரி.

இரண்டு பட்டியல்களையும் ஒன்றாக வைத்தால்தான் வேடிக்கை. மன்மோகன் சிங் மறைந்தது 2024 டிசம்பர் 26, அதாவது ட்ரூமன், ஃபோர்டு இருவரின் தேதி. ஐ.கே. குஜ்ரால் 2012 நவம்பர் 30. மூத்த ஜார்ஜ் புஷ் 2018 நவம்பர் 30. டெல்லிக்கும் வாஷிங்டனுக்கும் ஏதோ ரகசியத் தொடர்பு என்று யாராவது கதை கட்டலாம். 13 பேரையும் 40 பேரையும் குறுக்கே சேர்த்தால் 520 இணைகள் வருகின்றன. ஒன்றிரண்டு பொருந்தாமல் போயிருந்தால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறு கோடிப் பேர் இறக்கிறார்கள். நாளொன்றுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஆக ஒவ்வொரு காலண்டர் தாளும் எப்போதோ நிரம்பி வழிந்துவிட்டது. எந்தத் தாளைக் கிழித்தாலும் பின்னால் பெரிய பெயர்கள் இருக்கும். டிசம்பர் 5-ஐ எடுங்கள்: மோட்சார்ட் (1791), அலெக்சாந்தர் துமா (1870), ஓவியர் மோனே (1926), அரவிந்தர் (1950), கல்கி (1954), மண்டேலா (2013), ஜெயலலிதா (2016). இவர்களை ஒரே அறையில் உட்கார வைத்தால் பேசிக்கொள்ளப் பொதுவாக என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். தேதிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இணைகள் ஆட்களைவிட வேகமாகப் பெருகுவதால், சின்னக் கூட்டத்திலேயே தேதிகள் மோதும். வெவ்வேறு ஆண்டுகளில் ஒரே தேதியில் இருவர் மறைவது சர்வசாதாரணம்.

## ஆண்டும் சேர்ந்து ஒன்றானால்?

ஜூலை 4-க்கு வருவோம். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டது 1776 ஜூலை 4. அதை உருவாக்கிய குழுவில் இருந்த ஜான் ஆடம்ஸும் தாமஸ் ஜெஃபர்சனும் பின்னாளில் அதிபர்களானார்கள், அரசியலில் கடுமையாக மோதிக்கொண்டார்கள், முதுமையில் கடிதம் எழுதிச் சமாதானமானார்கள். இருவரும் மறைந்தது 1826 ஜூலை 4, பிரகடனத்தின் சரியாக ஐம்பதாவது ஆண்டு நிறைவு நாள். ஜெஃபர்சன் வர்ஜீனியாவில் நண்பகல் தாண்டி. ஆடம்ஸ் மாசசூசெட்ஸில் மாலையில். ஐந்து ஆண்டு கழித்து 1831 ஜூலை 4-இல் மற்றொரு அதிபர் ஜேம்ஸ் மன்றோவும் போனார். 1826-இல் அதிபராக இருந்த ஜான் குவின்சி ஆடம்ஸ், இறந்த ஆடம்ஸின் மகன். அந்த ஆண்டு நடந்ததில் இறையருளின் அடையாளத்தைக் கண்டவர்களில் அவரும் ஒருவர்.

இதைச் சாதாரணம் என்று நான் சொல்ல மாட்டேன். இருவரும் 1826-இல் இறப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், இருவரும் அந்த ஒரு நாளிலேயே இறக்க 1,33,225-இல் ஒரு வாய்ப்பு. முன்கூட்டியே யாராவது எழுதி வைத்திருந்தால் மலைத்துப் போக வேண்டியதுதான். யாரும் எழுதி வைக்கவில்லை. உலக வரலாற்றில் இரட்டையர்களாக நினைக்கப்படும் தலைவர்கள், கவிஞர்கள், போட்டியாளர்கள் எத்தனை ஆயிரம்! ஒவ்வொரு நாட்டுக்கும் எத்தனை புனித நாட்கள்! அத்தனையிலும் இப்படி ஒன்று எங்காவது நடக்கும். நடந்த இடத்தில் போய் நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தால், அது நமக்காகவே நடந்தது போலத் தெரியும்.

ஜூலை 4 காலண்டர் தாளில் விவேகானந்தர் (1902), மேரி கியூரி (1934) பெயர்களும் இருக்கின்றன என்பதை அமெரிக்கர்கள் அந்தக் கதையில் சேர்ப்பதில்லை. சேர்க்கத் தேவையில்லையே.

## 'டிசம்பர் ஆகாத மாதம்'

அப்படிச் சேர்க்காமல் விடுவதில்தான் நம் டிசம்பர் நம்பிக்கையின் சூட்சுமமும் இருக்கிறது. பொருந்துவதை மட்டும் எடுத்துக்கொண்டு, பொருந்தாததைக் கண்டுகொள்ளாமல் முடிவுக்கு வருவதைத் தேர்வுச் சாய்வு என்பார்கள்.

1952-க்குப் பிறகு மாநில முதல்வராக இருந்து மறைந்தவர்களை எடுத்துக்கொள்வோம் (தற்காலிகப் பொறுப்பில் இருந்த நெடுஞ்செழியனைச் சேர்க்கவில்லை). எட்டுப் பேர். ராஜாஜி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா டிசம்பரில். அண்ணாவும் பக்தவத்சலமும் பிப்ரவரியில். ஜானகி மே மாதத்தில், கருணாநிதி ஆகஸ்டில், காமராசர் அக்டோபரில், அதுவும் காந்தி பிறந்த அக்டோபர் 2-இல். எட்டில் மூன்று டிசம்பர். கூடுதல்தான். ஆனால் எட்டுப் பேரைப் பன்னிரண்டு மாதங்களில் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே, ஏதாவது ஒரு மாதத்தில் மூன்று பேராவது சேர நான்கில் ஒன்றுக்கும் மேல் வாய்ப்பு உண்டு. அந்த மாதம் பிப்ரவரியாக இருந்திருந்தால், 'பிப்ரவரி ஆகாது' என்று செய்தி சுற்றியிருக்கும்.

அப்புறம், இந்தப் பட்டியல்கள் ரப்பர் போல நீளும். 24 என்று ஆரம்பித்து, 25-ஐயும் 'ஒட்டி' என்று சேர்த்துக்கொள்வோம். கக்கன் மறைந்தது 1981 டிசம்பர் 23, அதுவும் உள்ளே. தலைவர் என்பதும் நீளும். அரசியல்வாதி, நடிகர், ஆன்மிகவாதி எல்லாரும் வரலாம். ஒரு நாள் முன்பின் இருந்தால் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தாலே, பாதி வாய்ப்புக்குத் தேவையான 23 பேர் 14 ஆகக் குறைந்துவிடுகிறது.

குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் இறப்பு கூடுதல் என்பது உண்மை. மூச்சுக்குழாய்த் தொற்றும் இதயக்கோளாறும் அப்போது கூடும். மாதங்களுக்கிடையே அப்படிச் சின்ன ஏற்றத்தாழ்வு உண்டு. அதுகூட ஒரு குறிப்பிட்ட தேதியையோ ஒரு குறிப்பிட்ட தொழிலையோ தேடிப் பிடிப்பதில்லை.

## நாள் எப்போது மாறுகிறது?

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. இதுவரை தேதியை ஐயமில்லாத ஒன்றாக வைத்துக்கொண்டோம். அது அப்படி அல்ல.

பாரதியார் மறைந்தது எந்தத் தேதி? பள்ளிப் புத்தகம் படித்த பலரும் 1921 செப்டம்பர் 11 என்பார்கள். தமிழ்நாடு அரசும் செப்டம்பர் 11-ஐ மகாகவி நாள் என்று 2021-இல் அறிவித்தது. ஆனால் திருவல்லிக்கேணி வீட்டில் அவர் உயிர் பிரிந்தபோது நள்ளிரவு தாண்டி, மணி ஏறத்தாழ ஒன்றரை. ஆங்கில நாட்காட்டியில் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கே நாள் மாறிவிடும் என்பதால் அது செப்டம்பர் 12. பஞ்சாங்கத்திலோ நாள் தொடங்குவது சூரிய உதயத்தில். விடியும்வரை அது முந்தைய நாளின் இரவு. வீட்டில் இருந்தவர்கள் '11-ஆம் தேதி ராத்திரி' என்று சொல்லியிருந்தால் அதில் பிழையே இல்லை.

இதன் விளைவைப் பாருங்கள். 11 என்று வைத்தால் பாரதியார் அருகில் முகமது அலி ஜின்னாவும் (1948) இமானுவேல் சேகரனும் (1957) வருகிறார்கள். 12 என்று வைத்தால் தென்னாப்பிரிக்கப் போராளி ஸ்டீவ் பிகோ (1977) வருகிறார். இறந்தவர் யாரும் இடம் மாறவில்லை. நாள் மாறும் நேரத்தை நாம் எங்கே வைக்கிறோம் என்பது மட்டுமே மாறியது.

ஜெயலலிதா மறைந்த நேரமாக அறிவிக்கப்பட்டது டிசம்பர் 5 இரவு 11.30. அறிவிப்பு வந்ததோ நள்ளிரவு தாண்டி. அரை மணி நேரம் தள்ளியிருந்தால் அவர் அம்பேத்கர் நினைவு நாளில் இடம்பெற்றிருப்பார்.

மண்டேலாவுக்கு உண்மையிலேயே அந்தச் சிக்கல் உண்டு. அவர் ஜோகன்னஸ்பர்க்கில் மறைந்தது டிசம்பர் 5 இரவு 8.50 மணி அளவில். அதே நொடியில் சென்னைக் கடிகாரத்தில் மணி 12.20, தேதி டிசம்பர் 6. உலகம் ஒரே நேரத்தில் ஒரே தேதியில் இருப்பதில்லை. ஒவ்வொரு பகுதியும் சூரியனை ஒட்டித் தனக்கென வைத்துக்கொள்ளும் பொது நேரத்தை நேர மண்டலம் என்கிறோம். ஒருவர் மறைந்த தேதியாக அவர் இருந்த ஊரின் தேதியையே எழுதுவது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அது வழக்கம் என்பதை மறந்துவிடுகிறோம்.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1963 நவம்பர் 22-ஐப் போல வேறு உதாரணம் கிடைக்காது. அன்று மூன்று பேர் மறைந்தார்கள்: அமெரிக்க அதிபர் கென்னடி, எழுத்தாளர்கள் சி.எஸ். லூயிஸ், ஆல்டஸ் ஹக்ஸ்லி. மூவருக்கும் அவரவர் ஊரில் தேதி 22 தான். லூயிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் மாலை ஐந்தரை மணி அளவில். கென்னடி இறந்ததாக அறிவிக்கப்பட்டது டல்லஸில் பகல் ஒரு மணிக்கு. ஹக்ஸ்லி லாஸ் ஏஞ்சலஸில் மாலை 5.20-க்கு. ஊர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தால் கென்னடிதான் முதலில் போனவர் போலத் தெரியும். இந்திய நேரத்துக்கு மாற்றினால்: லூயிஸ் 22-ஆம் தேதி இரவு 11 மணி. கென்னடி 23-ஆம் தேதி நள்ளிரவு 12.30. ஹக்ஸ்லி 23-ஆம் தேதி காலை 6.50. லூயிஸ்தான் முந்தியவர். நம் கணக்கில் மூவர் ஒரே நாளில் சாகவே இல்லை. லண்டன் கணக்கில் பார்த்தாலும் ஹக்ஸ்லி 23-க்குப் போய்விடுகிறார்.

## ஒரே தேதி, இரண்டு காலண்டர்

ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள். யுனெஸ்கோ 1995-இல் இதைத் தேர்ந்தெடுக்க முக்கியக் காரணம், ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் நாட்டின் செர்வாண்டிஸும் 1616-இல் அந்தத் தேதியில் மறைந்தவர்கள் என்ற நினைப்பு. தேதி எண் ஏறக்குறைய சரி. நாள் ஒன்றல்ல.

ஜூலியஸ் சீசர் காலத்திலிருந்து ஐரோப்பாவில் புழங்கிய ஜூலியன் காலண்டர், ஆண்டுக்கு 365 நாளும் கால் நாளும் என்று கணக்கு வைத்தது. உண்மையான சூரிய ஆண்டு அதைவிட ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. இந்தச் சில்லறை, கி.பி. 325-இலிருந்து கணக்கிட்டால், சேர்ந்து சேர்ந்து 1582 வாக்கில் பத்து நாளாகிவிட்டது. போப் பதின்மூன்றாம் கிரிகோரி அதைச் சரிசெய்து அறிவித்ததுதான் இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் காலண்டர். ஸ்பெயின் உடனே ஏற்றது. இங்கிலாந்து 'போப் சொல்லி நாங்கள் கேட்பதா' என்று 1752 வரை பழையதையே வைத்துக்கொண்டது.

ஆக, ஷேக்ஸ்பியரின் ஏப்ரல் 23 பழைய காலண்டர்த் தேதி. புதியதில் அது மே 3. செர்வாண்டிஸ் மறைந்ததோ புதிய காலண்டரில் ஏப்ரல் 22. 23 அவர் அடக்கமான நாள். இருவருக்கும் நடுவே 11 நாள் இடைவெளி. அதற்காக ஏப்ரல் 23-ஐ மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புத்தகம் வாங்க எந்த நாளும் நல்ல நாள்தான்.

இந்தக் காலண்டர் மாற்றத்தில் சிக்கியவர்களில் ஆவிலாவின் புனித தெரேசாவைப் போல யாரும் இல்லை. அவர் மறைந்தது 1582 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு. ஸ்பெயினில் காலண்டர் மாறியது சரியாக அந்த இரவில்தான்: 4-க்கு மறுநாள் 15. அவருடைய திருநாளைத் திருச்சபை அக்டோபர் 15-இல் வைத்திருக்கிறது.

இதுவரை சொன்னதில் பிடித்துக்கொள்ள வேண்டியது: ஒரு தேதிக்குப் பின்னால் மூன்று தீர்மானங்கள் ஒளிந்திருக்கின்றன. நாள் எப்போது தொடங்குகிறது, எந்த ஊர் நேரம், எந்தக் காலண்டர்.

## திதியில் பார்த்தால் கூட்டணி மாறும்

நம் வீடுகளில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. தாத்தாவுக்கு 'தேதி' பார்ப்பதில்லை, திதி பார்க்கிறோம். வானத்தில் சூரியனைவிட்டுச் சந்திரன் விலகிச் செல்லும் கோணத்தில் ஒவ்வொரு 12 பாகையும் ஒரு திதி. அமாவாசையிலிருந்து அமாவாசைவரை 30 திதிகள், ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாட்கள். ஆகவே திதியும் நாளும் ஒரே நீளமில்லை. பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாட்கள்தான். சூரிய ஆண்டுக்கு 11 நாள் குறைவு. தாத்தாவின் திதி ஆங்கிலத் தேதியில் ஆண்டுதோறும் இடம் மாறுவது இதனால்தான். இரண்டும் மறுபடி சந்திக்க ஏறத்தாழ 19 ஆண்டுகள் ஆகும்.

தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. திருவையாற்று ஆராதனை ஜனவரி 6-இல் நடப்பதில்லை. புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமியில் நடக்கிறது. வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்டது 1874 ஜனவரி 30. காந்தி சுடப்பட்டது 1948 ஜனவரி 30. காலண்டர் தாளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். ஆனால் வள்ளலாரை மக்கள் நினைப்பது தைப்பூசத்தில், காந்தியை நினைப்பது தேதியில். எனவே இந்தப் பொருத்தம் நடைமுறையில் யார் கண்ணிலும் படுவதில்லை. (வள்ளலார் இறந்தார் என்ற சொல்லையே சன்மார்க்கிகள் ஏற்க மாட்டார்கள், அது தனிக் கதை.)

நாகூர் தர்காவில் அடங்கியிருக்கும் ஞானியின் நினைவு நாளான கந்தூரியும் இப்படித்தான். இஸ்லாமியரின் ஹிஜ்ரி ஆண்டு முழுக்கச் சந்திரக் கணக்கு. இடையில் மாதம் சேர்த்துச் சரிக்கட்டும் வழக்கம் அதில் கிடையாது. அதனால் கந்தூரி ஆண்டுக்கு 11 நாள் வீதம் முன்னே வந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரியாரையும் எம்.ஜி.ஆரையும் பார்த்தால் என்ன ஆகும்? பெரியாருக்குப் பஞ்சாங்கம் பார்ப்பதைக் கேட்டால் அவரே கைத்தடியை ஓங்குவார். இருந்தாலும் கணக்குக்காக: 1973 டிசம்பர் 24 அமாவாசை, அன்று அட்லாண்டிக் பக்கம் சூரிய கிரகணமும் நிகழ்ந்தது. 1987-இல் அமாவாசை டிசம்பர் 20-இல் வந்து போய்விட்டது, 24 வளர்பிறை. சந்திரக் கணக்கில் இருவரும் ஒரே நாளில் மறையவில்லை.

பழைய மரபு ஒரே நாளில் மறைந்தவர்களைச் சேர்த்து நினைத்ததும் உண்டு. நாயன்மார்களின் குருபூசை, மாதமும் நட்சத்திரமும் பார்த்து வருவது. நட்சத்திரம் என்பது இங்கே, சந்திரன் அன்று வானத்தின் 27 பகுதிகளில் எதில் நிற்கிறது என்பது. வைகாசி மூலத்தில் திருஞானசம்பந்தரோடு திருநீலகண்ட யாழ்ப்பாணர், திருநீலநக்கர், முருக நாயனார் ஆகியோருக்கும் குருபூசை. நல்லூர்ப் பெருமணத்தில் சம்பந்தரின் திருமணத்துக்கு வந்து, அவரோடு சோதியில் கலந்தவர்கள் என்பது பெரியபுராணம். இங்கே நாள் ஒன்றானதற்குக் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது: ஒரே இடம், ஒரே நிகழ்ச்சி. தேதிப் பொருத்தத்தில் அர்த்தம் தேடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இருவரையும் அந்த நாளில் சேர்த்தது ஒரே காரணமா, அல்லது தாளில் எழுதும்போது சேர்ந்துவிட்டார்களா?

## பக்கத்துப் பெயரின் நிழல்

ஒரே நாளில் மறைவதால் உண்மையாகவே நடக்கும் ஒன்று உண்டு. அது வானத்திலல்ல, செய்தித்தாளில். 1953 மார்ச் 5 மாலை மாஸ்கோவில் இசையமைப்பாளர் செர்கேய் புரோகோஃபியெவ் மறைந்தார். அதே இரவில் ஸ்டாலினும் மறைந்தார். புரோகோஃபியெவ் குடியிருந்தது செஞ்சதுக்கத்துக்கு அருகில். ஸ்டாலினைக் காண வந்த கூட்டத்தால் அவர் உடலை வெளியே எடுத்துச் செல்வதே பெரும்பாடானது. பத்திரிகைகளில் இடமில்லை, பூக்கடைகளில் பூவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரிய இசைக்கலைஞர்களில் ஒருவரின் மரணம் பல நாள் வெளியே தெரியாமலே கிடந்தது. கென்னடி செய்தியில் லூயிஸும் ஹக்ஸ்லியும் காணாமல் போனதும், 2009 ஜூன் 25 காலையில் மறைந்த நடிகை ஃபாரா ஃபாசெட்டின் செய்தியை அன்று மதியமே மைக்கேல் ஜாக்சன் செய்தி விழுங்கியதும் இதே வகைதான்.

பிறகு காலம் போகும்போது நேர்மாறாக ஒன்று நடக்கும். பெரிய பெயரின் நினைவு நாள் வரும்போதெல்லாம், 'அதே நாளில் இவரும்' என்று சின்னப் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். புரோகோஃபியெவ் இறந்த நாளை இசை கேட்காதவர்களும் தெரிந்து வைத்திருப்பது ஸ்டாலின் தயவில்தான்.

'இன்று மறைந்தவர்கள்' என்று பள்ளிப் பலகையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ தினம் எழுதுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், நல்ல வேலை. ஆண்டை எழுதும்போது ஊரையும் சேர்த்து எழுதினால் நேர மண்டலக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். 1582-க்கு முந்தையவர் என்றால் தேதி பெரும்பாலும் ஜூலியன் கணக்கு. இங்கிலாந்துக்காரர் என்றால் 1752 வரைக்கும், ரஷ்யர் என்றால் 1918 வரைக்கும் சந்தேகப்படுங்கள். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே போனவர் என்றால் இரண்டு தேதியையும் போடுங்கள்: 'பாரதியார், 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்து, 12 அதிகாலை.' ஒரு வரி நீளும், அவ்வளவுதான்.